பின்விளக்கு எரிகிறதா?



தவக்காலத்தின் பாதியைத் தாண்டிவிட்டோம். நம் அரிசோனாவில் இந்த நாள்களுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. வடக்கின் குளிருக்குத் தப்பி வந்து, குவார்ட்சைட், யூமா பக்கத்துப் பாலைவனத்தில் மோட்டார்ஹோம்களில் தங்கியிருந்த முதியவர்கள் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். முப்பது நாற்பது அடி நீளமுள்ள வண்டி ஒன்று போகும். அதன் பின்னால் இரும்புக் கம்பியில் கோத்த ஒரு சின்னக் கார், பெரும்பாலும் ஒரு ஜீப், நான்கு சக்கரமும் தரையில் உருள வந்துகொண்டிருக்கும். அதில் ஓட்டுநர் இருக்க மாட்டார். பெரிய வண்டியை முகாமில் நிறுத்திவிட்டால் கடைக்கும் மருத்துவரிடமும் கோயிலுக்கும் போய்வர அந்தக் கார் வேண்டும். நம் குடும்பங்களிலும் சிலர் கோடை விடுமுறைக்கு இப்படிப் பயணம் போகிறீர்கள். ஆகவே நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

புறப்படும் முன் அவர்கள் செய்கிற ஒரு காரியத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கணவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார். மனைவி இறங்கிப்போய்க் காருக்குப் பின்னால் நிற்பார். அவர் பிரேக்கை மிதிப்பார், இவர் குரல் கொடுப்பார். பிறகு இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், இரவு விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பெரிய வண்டியில் பின்பக்கக் கேமரா இருக்கிறது. ஆனால் அதில் தெரிவது காரின் முகப்புதான். கடைசியில் இருக்கும் அந்தச் சிவப்பு விளக்குகளை ஓட்டுகிறவர் எந்தக் கண்ணாடியிலும் பார்க்க முடியாது. அவை எரிவது அவருக்காகவும் அல்ல. பின்னால் வருகிற முன்பின் அறியாத ஒருவர் நேரத்துக்கு வேகத்தைக் குறைத்து உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டுமே, அதற்காக எரிகின்றன.

நமக்குப் பின்னாலும் வருகிறவர்கள் இருக்கிறார்கள், பிரியமானவர்களே. பிள்ளைகள் வருகிறார்கள். இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து நம்மைப் பார்த்து வழி கற்றுக்கொள்கிற தம்பி தங்கைகள் வருகிறார்கள். அவர்களுக்கு நாம் எதைக் காட்டிக்கொண்டு போகிறோம்? நம்முடைய கோபம், நம்முடைய பேச்சு, ஞாயிறு திருப்பலி முடிந்து காரில் ஏறியவுடன் அடுத்தவரைப் பற்றி நாம் சொல்வது, இவையெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருப்பவை. இன்னொருவர் நின்று பார்த்துச் சொன்னால்தான் தெரியும். தவறு செய்த சகோதரரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள் என்று மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிக்கிறார். பின்னால் நிற்கிற அந்த மனைவி "இடது பக்கம் எரியலைங்க" என்று சொல்வது கணவரை அவமானப்படுத்த அல்ல. இருவரும் ஒரே வண்டியில்தான் போகப்போகிறார்கள். உங்களிடம் அப்படி ஒரு சொல் சொல்ல வீட்டில் யாராவது இருந்தால், அது ஆண்டவர் உங்களுக்குச் செய்திருக்கிற இரக்கம். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

சரி, எரியவில்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வார்கள்? அனுபவமில்லாதவர் நேரே காரிடம் போய் அதன் பின்விளக்கைக் கழற்றுவார். எரியாத இடம் அதுதானே! வேலை தெரிந்தவர் முதலில் இரண்டு வண்டிகளையும் இணைக்கிற கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பெரிய வண்டியின் சாக்கெட்டில் டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்ப்பார். பல மோட்டார்ஹோம்களில் பின்பக்கச் சாக்கெட்டுக்கென்று தனி ஃப்யூஸ் இருக்கும். அது போயிருந்தால், காரில் எத்தனை மணி நேரம் தேடினாலும் எதுவும் கிடைக்காது. சாக்கெட்டில் மின்சாரம் இருந்தால் கேபிளைச் செருகி அதன் மறுமுனையில் பார்ப்பார். அங்கேயும் இருந்தால் காரின் பிளக்கைப் பார்ப்பார். பல்புக்கு வருவது கடைசியில்தான்.

பெற்றோரே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிள்ளை செபிப்பதில்லை, கோயிலுக்கு வர மறுக்கிறான் என்று என்னிடம் வந்து வருத்தப்படுகிறீர்கள். அந்த வருத்தம் உண்மையானது, நான் அறிவேன். ஆனால் தேடலைப் பிள்ளையிடம் தொடங்கிவிட்டோமோ? இழுத்துச் செல்கிற வண்டியின் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா? நம் வீட்டில் நாம் செபிக்கிறோமா? தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைத் தேடுகிறவரைப் பற்றி ஆண்டவர் பேசியது நினைவிருக்கிறதல்லவா? இது குற்றச்சாட்டல்ல. கோளாறு முன்வண்டியிலேயே இருந்தால் அது ஒரு நல்ல செய்தியும்கூட. கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது, இன்று மாலையே சரிசெய்யத் தொடங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேபிளுக்குள் இருக்கிற வயர்களுக்கு நிறம் உண்டு. சாதாரண டிரெய்லர் வயரிங்கில் பழுப்பு நிறம் இரவு விளக்குக்கு, மஞ்சள் இடப்பக்கத்துக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு. ஆனால் மோட்டார்ஹோம்களில் வழங்குகிற இன்னொரு முறையில் பச்சை இரவு விளக்குக்கு, சிவப்பு இடத்துக்கு, பழுப்பு வலத்துக்கு. பச்சையோடு பச்சையைச் சேர்த்தவர் வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பார். விளக்கு வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பார்கள். ஈசாயின் வீட்டில் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்து அரசரைத் தேர்ந்துகொள்ளப் போன சாமுவேலுக்கும் ஆண்டவர் இதைத்தான் கற்றுக்கொடுத்தார்.

இரண்டு முறையிலும் மாறாத நிறம் ஒன்று உண்டு. அது வெள்ளை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் அதிக நேரம் பேச விரும்புகிறேன்.

வெள்ளை வயர் எந்த விளக்குக்கும் மின்சாரம் கொண்டுபோவதில்லை. போன மின்சாரம் திரும்பி வருகிற வழி அது. நம் ஊர் எலெக்ட்ரீசியன் அதை எர்த் என்பார். மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது, பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். திரும்பும் வழி அறுந்தால், எவ்வளவு பெரிய பேட்டரி முன்னால் இருந்தாலும் விளக்கு எரியாது. இந்த வயரிங்கில் வருகிற கோளாறுகளில் மிக அதிகமானவை இந்த எர்த்தில் வருபவைதான். வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் இதைச் சொல்வார்கள்.

ஆனால் எர்த் போய்விட்டால் எல்லாம் அமைதியாக அணைந்துவிடும் என்று எண்ணாதீர்கள். இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாகச் சிமிட்டும். பிரேக்கை மிதித்தால் எரிந்துகொண்டிருந்த இரவு விளக்கு அணையும். தன் வழியில் திரும்ப முடியாத மின்சாரம் பக்கத்து விளக்குகளின் இழைகளுக்குள் நுழைந்து, எப்படியாவது வெளியேறப் பார்க்கிறது. பார்க்கிறவருக்குக் கோளாறு விளக்குகளில் இருப்பதுபோலவே தோன்றும். பல்பை மாற்றுவார்கள். அடுத்த பல்பையும் மாற்றுவார்கள். பிறகு புதிய கேபிள் வாங்குவார்கள். காரின் உடம்பில் பெயின்ட்டுக்கு மேலேயே முடுக்கி, மழையிலும் பனிச்சாலை உப்பிலும் அரித்துப்போன, எர்த் வயரைப் பிடிக்கிற ஒரு சின்ன ஆணி அங்கேயே இருக்கும், யாரும் தொடாமல்.

பிரியமானவர்களே, நம்மில் எத்தனை பேர் பல்பை மாற்றிக்கொண்டிருக்கிறோம்? மனத்தில் அமைதி இல்லை, வேலையை மாற்றினோம். வீட்டில் சண்டை தீரவில்லை, வேறு ஊருக்குப் போனோம். ஒரு நண்பர் கூட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனோம், ஒரு பங்கைவிட்டு இன்னொரு பங்குக்குப் போனோம். மனைவி மேல் எரிச்சல், பிள்ளை மேல் எரிச்சல், கோயிலில் பக்கத்தில் உட்காருகிறவர் மேலும் எரிச்சல். இத்தனை இடத்தில் தெரிகிற கோளாறு உண்மையில் ஒரே இடத்தில் இருக்கிறதோ? தந்தையிடம் திரும்புகிற வழி அடைபட்டுப் போயிருக்கிறதோ?

இழுத்துச் செல்கிற கம்பியும் இரும்புதானே, மின்சாரம் அதன் வழியாகத் திரும்பாதா என்று கேட்டு, வெள்ளை வயரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கம்பியின் மூட்டுகளில் பெயின்ட் இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது, துரு இருக்கிறது. ஒரு குலுக்கலில் தொடும், அடுத்த குலுக்கலில் விடும். கார் மிக உறுதியாகப் பிணைந்திருக்கும், எங்கே இழுத்தாலும் கூடவே வரும், ஆனாலும் அதன் விளக்கு எரியாது. இதைச் சொல்லும்போது நான் மிகுந்த அன்போடுதான் சொல்கிறேன்: திருமுழுக்குப் பதிவேட்டில் நம் பெயர் இருக்கிறது, ஞாயிறுதோறும் வருகிறோம், சந்தாவும் கொடுக்கிறோம். பிணைப்பு உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளத்தைத் திறந்து, அப்பா, நான் தவறிவிட்டேன் என்று கடைசியாக எப்போது சொன்னோம்?

இன்றைய நற்செய்தியில், தந்தையின் வீட்டைவிட்டுப் போன இளைய மகன் தூர நாட்டில் பட்டினி கிடந்தபோது அவனுக்குத் தோன்றிய நல்ல எண்ணம் ஒன்றே ஒன்றுதான்: திரும்பிப் போகலாம். அதற்குமேல் அவனிடம் எதுவும் இல்லை. கையில் காசு இல்லை, காலில் செருப்பு இல்லை, சொல்லிப் பழகிக்கொண்ட நாலு வார்த்தை மட்டும் இருந்தது. அதையும் தந்தை முழுவதுமாகச் சொல்ல விடவில்லை. தொலைவில் வரும்போதே பார்த்துவிட்டார், ஓடினார், கட்டிக்கொண்டார். தந்தையின் பக்கத்திலிருந்து அந்த வழி என்றைக்குமே அறுந்திருக்கவில்லை, சகோதரிகளே, சகோதரர்களே! அரித்துப்போனது நம் பக்கத்து முனை மட்டும்தான். அதைச் சரிசெய்ய மெக்கானிக் புதுக் கார் வாங்கச் சொல்வதில்லை. ஆணியைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, வயரை அதன்மேல் வைத்து இறுக்கி, ஈரம் ஏறாமல் கொஞ்சம் கிரீஸ் தடவுவார். அவ்வளவுதான். ஒப்புரவு அருளடையாளத்தில் ஆண்டவர் நமக்குச் செய்வதும் இதுதான். சுரண்டும்போது சற்று வலிக்கும். ஆனால் நம்மை அவர் தூக்கி எறிவதில்லை.

சிலர் சொல்வீர்கள்: சாமி, நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், என் விசுவாசம் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையாக இருக்கலாம். ஆனால் இந்த வேலையில் ஏமாற்றுகிற ஒரு சோதனை உண்டு. கேபிளின் மேலுறை நன்றாக இருக்கும். உள்ளே, பிளக் மடங்குகிற இடத்தில், செப்பு இழைகள் பெரும்பாலும் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கும். டிஜிட்டல் மீட்டரை வைத்தால் 12 வோல்ட் என்று காட்டும், ஏனென்றால் மீட்டர் அதனிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு பல்பை மாட்டி எரி என்று கேட்டால்தான் அந்த ஒன்றிரண்டு இழைகள் தாங்காமல் மின்னழுத்தம் விழுந்துவிடும். பேதுரு அப்படித்தான் இருந்தார். விருந்து மேசையில் அவருடைய உறுதியில் குறை ஒன்றும் தெரியவில்லை. தலைமைக் குருவின் முற்றத்தில் ஒரு பணிப்பெண் கேள்வி கேட்டதும், அந்தச் சின்னச் சுமையைத் தாங்க முடியவில்லை. ஆண்டவர் அவரை என்ன செய்தார்? யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில், கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, உணவு கொடுத்து, மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை அன்பைக் கேட்டார். ஒவ்வோர் இழையாக மறுபடியும் சேர்த்தார். பிறகு தம் ஆடுகளையே அவர் கையில் ஒப்படைத்தார். நோயிலோ கடனிலோ இழப்பிலோ உங்கள் நம்பிக்கை விழுந்துவிட்டதாக வெட்கப்படுகிறவர்கள் இங்கே இருந்தால், பேதுருவைப் பாருங்கள். மங்கலாக எரிகிற எதையும் ஆண்டவர் ஊதி அணைப்பதில்லை.

மூத்த மகனை மறந்துவிட வேண்டாம். நம் கோயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மூத்த மகனின் இனம்தான். அவனைப் புரிந்துகொள்ள மறுபடியும் வண்டிக்கு வருவோம். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு பல்புதான். இழுத்துச் செல்லும்போது இரண்டு வண்டிகளின் மின்சாரமும் அதே பல்புக்கு வரும். ஒன்றின் மின்சாரம் மற்றதன் சுற்றுக்குள் ஏறிக் கெடுத்துவிடாமல் டையோடு என்ற சிறு பாகம் தடுக்கும். ஆனாலும் ஒரு சிக்கல் வரும். பெரிய வண்டி நிற்கும்போது காரும் நிற்க வேண்டும் என்று, காரின் பிரேக் பெடலை அழுத்துகிற கருவி ஒன்றை வைத்திருப்பார்கள். அது அழுத்தியதும் காரின் சொந்த பிரேக் லைட் நிலையாக எரியும். அந்த நேரத்தில் முன்வண்டி இடது பக்கம் திரும்பப்போகிறேன் என்று சிமிட்டினால், காரில் அந்தச் சிமிட்டல் தெரியாது. காரின் ஒளி பொய்யல்ல, அது உண்மையாகவே பிரேக் பிடிக்கிறது. ஆனால் அந்த ஒளியே வழிநடத்துகிறவரின் அடையாளத்தை மூடிவிடுகிறது. ஒரு ரிலே வைத்து, இழுத்துச் செல்லும் நேரத்துக்கு மட்டும் காரின் சொந்த ஒளியை நிறுத்திவைப்பார்கள்.

மூத்த மகன் சொன்னதில் எது பொய்? ஆண்டுக்கணக்காக உழைத்தான், சொல் மீறவில்லை. அந்த நிலையான நேர்மை எரிந்துகொண்டே இருந்ததால், தந்தையின் வீட்டில் கேட்ட இசையும் நடனமும் அவனுக்கு எரிச்சலாகப் பட்டன. தந்தை திரும்புகிறார் என்ற அடையாளம் அவனிடம் தெரியவே இல்லை. நாம் செய்கிற நன்மைகள் தந்தையின் இரக்கத்தை மறைக்கின்றனவா? மன்னிப்புப் பெற்றுத் திரும்பி வந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் நம் முகத்தில் என்ன தெரிகிறது? மனம் தளராதீர்கள். இளையவனுக்காக வீட்டைவிட்டு ஓடிய தந்தை, மூத்தவனுக்காகவும் விருந்தை விட்டு வெளியே வந்து கெஞ்சினார். இருவருக்காகவும் அவர் வாசலைத் தாண்டினார்.

முடிக்கும் முன் வீட்டில் இருக்கிற முதியவர்களைப் பற்றி ஒன்று. இப்படி இழுத்துச் செல்லப்படுகிற கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதிருக்கச் சாவியை ஒரு நிலையில் திருப்பி வைக்க வேண்டும். இன்ஜின் ஓடாது, ஆனால் உள்ளே சில பாகங்கள் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். நாள் முழுவதும் சும்மா கூடவே வந்த கார், மாலையில் ஸ்டார்ட் ஆகாது. இதற்காகப் பெரிய வண்டியிலிருந்து ஒரு மெல்லிய சார்ஜ் வயரை ஃப்யூஸோடு காரின் பேட்டரிக்குக் கொடுப்பார்கள். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நீங்கள் அழைத்து வந்திருக்கிற அப்பா அம்மாவை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு என்ன குறை, வீட்டில் சும்மாதானே இருக்கிறார்கள் என்று எண்ணிவிடுகிறோம். பேச ஆளில்லாத பகல், மொழி தெரியாத தெரு, பிள்ளைகளின் வேகத்தில் இழுபட்டு வருகிற வயது, இவை அவர்களைக் கரைக்கின்றன. வேலையிலிருந்து வந்ததும் கால் மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு செபமாலை சொல்லுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். கடைசி ஆள் போகும்வரை இருப்பேன், அவசரம் வேண்டாம். பல ஆண்டுகளாக வராதவர்கள் எப்படித் தொடங்குவது என்று கவலைப்பட வேண்டாம். தொடங்க நான் உதவுகிறேன். வண்டி கட்டிப் புறப்படுகிறவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு நாள் காலையிலும், ஒவ்வொரு முறை நிறுத்திக் கிளம்பும்போதும், ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து விளக்குகளைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ஆண்டவர் உங்களோடு வருவாராக. ஆமென்.